யாருக்குப் பக்கத்தில் இருந்து படம் பார்க்கிறோம்?

"மாமா, வெட்டுக்குத்துப் படம் பாக்கிறது பாவமா?"

வெருகல் பாலத்துக்குக் கிட்ட உள்ள தேத்தண்ணிக் கடையில், வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மருமகன் கேட்டான். 19 வயது. நான் கோயிலுக்குப் போகிற பழைய கத்தோலிக்கன், அவன் தகப்பன் வழியில் சபைக்குப் போகிறவன். கேள்வி சும்மா வரவில்லை. அவனுடைய சபையில் சினிமாவே கூடாது என்பது போதனை. அதே சபையில் பெரிய வெள்ளி இரவு வெள்ளைச் சீலை கட்டி, புரொஜெக்டரில் மெல் கிப்சனின் 'த பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' படத்தைப் போட்டிருக்கிறார்கள்.

"வருசம் முழுக்க ரத்தப் படம் பாக்காத எண்டு சொல்லிட்டு, பெரிய வெள்ளிக்கு எல்லாத்திலையும் ரத்தம் கூடின படத்தைப் போட்டா அது என்ன கணக்கு?" என்றான். பிறகு சிரித்தபடி ஒன்றைச் சேர்த்தான்: "கசையடி வந்த நேரம் முன்னுக்கு இருந்த ஆச்சி ஒராள் எழும்பி வெளியில போயிற்றா. படம் விளங்கேல்ல போல."

ஆச்சியின் கதைக்குப் பிறகு வருவோம் என்று சொல்லி, இஞ்சி போட்ட பிளேன்டீ இரண்டுக்குச் சொன்னேன்.

முதலில், சபை ஏன் சினிமா வேண்டாம் என்கிறது? அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. 1924இல் இலங்கையிலேயே தொடங்கிய சீலோன் பெந்தெகொஸ்தே மிஷன் விசுவாசிகள் நகையையும் சினிமாவையும் தொலைக்காட்சியையும் ஒன்றாக ஒதுக்கி வைத்தவர்கள். இந்த எண்ணத்தின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. கி.பி. 200 அளவில், வட ஆபிரிக்காவில் தெர்த்துலியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் பொதுக் காட்சிகளைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். அக்காலத்து அரங்கில் மனிதனை மனிதன் வெட்டிக் கொல்வான். ஊர் திரண்டு பார்க்கும். கிறிஸ்தவனுக்கு அங்கே வேலை இல்லை என்பதுதான் அவர் சொன்னது.

அதற்கு இருநூறு வருடம் கழித்துப் புனித அகுஸ்தீனார் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அவருடைய நண்பர் அலிப்பியுஸ் சட்டம் படிக்க உரோமைக்குப் போயிருந்தார். வாட்போர் அரங்கு என்றாலே அவருக்கு வெறுப்பு. கூட்டாளிமார் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். "உடம்பைத்தானே கொண்டுபோகிறீர்கள், கண்ணும் மனமும் என்னிடம் இருக்கும்" என்கிற வீறாப்பில் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு இருந்தார். எவனோ ஒருவன் வெட்டுப்பட்டு விழுந்தான். கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. அந்தச் சத்தத்துக்குக் கண் திறந்தது. திறந்த கண் மூடவில்லை. விழுந்தவனுக்கு உடம்பில் பட்ட காயத்தை விட இவருக்கு மனதில் பட்ட காயம் பெரிது என்கிறார் அகுஸ்தீனார். பிறகு அலிப்பியுஸ் தானாகவே போனார், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். இவர் வெகுகாலம் கழித்து ஆயரானவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"அது உண்மைச் சாவு மாமா. படத்தில செத்தவன் எழும்பிச் சாயத்தைக் கழுவிட்டு வீட்ட போறான்" என்றான் மருமகன்.

சரிதான். ஆனால் கதையைக் கவனி என்றேன். அலிப்பியுஸை விழுத்தியது ரத்தம் அல்ல, பக்கத்தில் இருந்தவர்களின் ஆரவாரம். அவர் வெட்டுப்பட்டவனின் பக்கத்தில் நிற்கவில்லை, கத்தினவர்களின் பக்கத்துக்குப் போய்விட்டார். திரையில் சாவு பொய்யாக இருக்கலாம். விசில் பொய்யில்லை, அடித்தவனுடைய விசில்தான் அது.

அப்படியானால் கொடுமையைக் காட்டுவதே தவறா? இல்லை. தவறென்றால் வேதாகமத்தையே மூடி வைக்க வேண்டும். நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தை அப்படியே படமாக எடுத்தால் எந்தத் தணிக்கைச் சபையும் சிறுவருக்கு அனுமதி கொடுக்காது. ஒரு பெண்ணை இரவு முழுதும் ஊர்க் கும்பல் சிதைக்கிறது. அந்த அதிகாரத்தை வாசித்து முடிக்கிறபோது யாருக்கும் கிளுகிளுப்பு வராது. இதைப் பற்றி யோசியுங்கள், பேசுங்கள் என்று கேட்டபடி அது முடிகிறது. கசையடியும் அப்படித்தான். மத்தேயுவும் மாற்கும் அதை அரை வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கிப்சனின் படத்தில் அது ஏறக்குறைய 10 நிமிடம்.

"அப்ப கிப்சன் பிழையா?"

அவசரப்படாதே. அரை வசனத்தை நீட்டி அழுவது எங்கள் ஆட்களுக்கும் பழக்கம்தான். 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த சாங்கோபாங்கர், அதாவது யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ராகம் போட்டு வாசித்து அழுத கோயில்கள் எத்தனை! மன்னாரில் பாஸ்கு என்ற திருப்பாடுகளின் நாடகம் போடுவார்கள். யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகளாரின் திருமறைக் கலாமன்றம் பல பத்தாண்டுகளாகத் திருப்பாடுகளை மேடையேற்றியது. அங்கெல்லாம் அடி உண்டு, ரத்தம் உண்டு. பார்க்கிறவர்கள் தாயின் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அடிக்கிற சேவகனுக்கு ஒருவரும் கைதட்டுவதில்லை. கிப்சனின் படத்தைப் பார்த்து உருகினவர்களும் உண்டு, யூதர் மீது பகையை வளர்க்கும் என்று அஞ்சியவர்களும் உண்டு, இவ்வளவு அடி தேவைதானா என்று கேட்ட விசுவாசிகளும் உண்டு. படம் வந்த அடுத்த வருடமே, 2005இல், கொடூரமான சில நிமிடங்களை வெட்டிவிட்டு கிப்சன் அதைத் திரும்ப வெளியிட்டார்.

எங்கள் திருச்சபையும் சினிமா விசயத்தில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1936இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் சினிமாவுக்கென்றே ஒரு சுற்றுமடல் எழுதினார். விழிப்பாக இருங்கள் என்பது அதன் தொனி. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தீமையைக் காட்டுவது மனிதனை ஆழமாக விளங்கிக்கொள்ள உதவலாம், அதற்கும் ஓர் எல்லை வேண்டும் என்றது. சினிமாவின் நூற்றாண்டான 1995இல் வத்திக்கான் 45 படங்களைச் சிறந்தவை என்று பட்டியலிட்டது. நாசிகளின் படுகொலையைக் காட்டும் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' அதில் இருக்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாத பசோலினி எடுத்த மத்தேயு நற்செய்திப் படமும் இருக்கிறது. இலங்கையிலும் இரண்டு முகம் உண்டு. 2006இல் ஆயர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க 'த டாவின்சி கோட்' இங்கே தடை செய்யப்பட்டது. அதே திருச்சபையில்தான் ஏர்னஸ்ட் பொருதொட்ட அடிகளார் சிங்களப் படங்களை மதித்து, கலைஞர்களைக் கூப்பிட்டு விருது கொடுக்கும் வழக்கத்தை வளர்த்தார்.

மருமகனுக்குப் பாப்பரசர்மார் தூரம். அவனுக்குத் தெரிந்த இரண்டு படங்களை எடுத்தேன். 2023இல் வந்த 'ஜெயிலர்'. ரஜினி வாளை வீசுவார், தலை விழும், அந்த இடத்தில் இசை ஏறும். "நீ என்ன செய்தாய்?" "விசில் அடிச்சன்." வெற்றிமாறனின் 'விசாரணை'. பொலிஸ் நிலையத்தில் ஒன்றும் அறியாத கூலிப் பெடியன்களை அடித்து அடித்து ஒப்புக்கொள்ள வைப்பார்கள். மு. சந்திரகுமார் தான் பட்ட பாட்டை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து வந்த படம். "அதுக்கு விசில் அடிச்சியா?" அவன் கிளாஸை உருட்டிக்கொண்டு இருந்தான். "அதைப் பாத்திட்டு அண்டைக்குச் சாப்பிடேல்ல மாமா."

ரத்தத்தை அளந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று உன்னை வெட்டுகிறவனுக்குப் பக்கத்தில் இருத்துகிறது, மற்றது அடிபடுகிறவனுக்குப் பக்கத்தில். விசில் அடித்தவன் எல்லாம் நரகத்துக்குப் போவான் என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, இருதயத்திலிருந்து வருவதே தீட்டுப்படுத்தும் என்று இயேசு சொன்னதாக மாற்கு 7இல் இருக்கிறது. இளசுகள் இதைத்தான் அனுமதிச் சீட்டாகக் காட்டுவார்கள். அவர் அங்கே பேசியது சாப்பாட்டைப் பற்றி. கண்ணைப் பற்றிப் பேசும்போது, அது உடம்புக்கு விளக்கு என்றார். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பிடி: படம் முடிந்த பிறகு உன் இருதயத்திலிருந்து என்ன வருகிறது என்று பார். இரக்கம் வந்தால் ஒன்று. தங்கச்சியோடு கதைக்கிற கதையில் முரட்டுத்தனம் வந்தால் வேறொன்று.

இனி ஆச்சி.

'பேஷன்' படம் முதலில் வெளியானது 2004 பெப்ரவரி 25, விபூதிப் புதன். அதே தவக்காலம் முடிகிற நேரம், ஏப்ரல் 9, பெரிய வெள்ளி விடிகாலையில், இந்த ஆற்றங்கரையில் என்ன நடந்தது தெரியுமா என்று கேட்டேன். மருமகன் அப்போது பிறக்கவில்லை. மார்ச்சில் விடுதலைப் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா தலைமையை விட்டுப் பிரிந்த பிறகு, ஒரே இயக்கத்தின் இரண்டு பகுதியும் வெருகலாற்றில் மோதின. அந்தப் பக்கமும் தமிழ்ப் பிள்ளைகள், இந்தப் பக்கமும் தமிழ்ப் பிள்ளைகள். உலகம் திரையில் அழுத அந்தப் பெரிய வெள்ளியை இந்த ஊர் திரையில்லாமல் பார்த்தது. அந்த ஆச்சியின் வளவு ஆற்றுக்குக் கிட்ட. அவவுக்குப் படம் நன்றாக விளங்கியது. விளங்கினபடியால்தான் எழும்பிப் போனா.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் 8ஆம் அதிகாரம், விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்ற கேள்வியைப் பற்றியது. தின்றால் எனக்கு ஒன்றும் இல்லை, எனக்கு அறிவு இருக்கிறது என்று சொல்கிறவனிடம் பவுல் சொல்வது இதுதான்: உனக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், பக்கத்தில் இருக்கிறவன் உடைந்துபோவான் என்றால் விட்டுவிடு. படத்துக்கும் இதை விட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. போரும் சுனாமியும் கண்ட ஊரில் ஒரே பாயில் இருக்கிற பத்துப் பேருக்கு ஒரே படம் ஓடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் எழும்பக் கூடாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் சபையிலும் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் குண்டு வெடித்த கையோடு, செத்தவர்களின் கோலம் கைபேசிக்குக் கைபேசி பறந்தது. சீயோனில் செத்தவர்களில் நிறையப்பேர் பிள்ளைகள். சினிமாவுக்குப் போகாத எத்தனையோ விசுவாசிகள் அந்த வீடியோக்களைப் பார்த்து, 'ஜெபியுங்கள்' என்று எழுதி, பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். திரையில் சாகிற நடிகனுக்கு விசில் அடிப்பதை விட, பெற்றவளைக் கேட்காமல் அவள் பிள்ளையின் சிதைந்த உடம்பை அனுப்புவதுதான் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது.

பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. மருமகன் ஒன்றும் பேசாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அவனுக்குச் சொன்னதையே வாசகருக்கும் சொல்கிறேன். அடுத்த பெரிய வெள்ளிக்கு உங்கள் சபையில், கோயிலில் அந்தப் படத்தைப் போடுவதென்றால் போடுங்கள். போட முதல், முன்வரிசையில் இருக்கப்போகிற மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கசையடிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், குறைத்துவிடுங்கள்.