ஒன்பது மணிக்குச் சரியாகிவிடும் தலைவலி

எழுந்ததுமே தலைவலி. பல் தேய்ப்பதற்குள் வாந்தி. எட்டு மணிக்கு முகம் தெளிந்துவிடும். ஒன்பது மணிக்கு ஸ்கூல் வேனில் ஏறிவிடுவான். "பித்தம்" என்பார் பாட்டி. "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறான்" என்பார் அப்பா. மாலையில் டாக்டரிடம் கூட்டிப்போனால் பிள்ளை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வயிற்றுக்கு ஒரு சிரப்போடு வீடு திரும்புவார்கள்.

குழந்தைகளைத் தாக்கும் மூளைப் புற்றுக்கட்டிகளில் முக்கியமான மெடுல்லோபிளாஸ்டோமா பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. 1925-ல் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்ற டாக்டர்கள் வைத்த பெயர் இது. பெரும்பாலும் பத்து வயதுக்குள் வரும். ஆண் பிள்ளைகளுக்குச் சற்று அதிகம்.

ஏன் காலையில்? கட்டி வளர்வது பின்மண்டையில், சிறுமூளையில். மூளைக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியும் அதை ஒட்டியே இருக்கிறது. வழி அடைபட்டால் நீர் தேங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறும். இரவெல்லாம் படுத்திருப்பதாலும், தூக்கத்தில் மூச்சு மெதுவாகி மூளையின் ரத்தக்குழாய்கள் விரிவதாலும் விடியும் நேரத்தில் அது உச்சத்தில் இருக்கும். எழுந்து நடமாடினால் தணியும்.

அடுத்து தடுமாற்றம். உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்வது சிறுமூளைதான். படியிறங்கும்போது சுவரைப் பிடிப்பான், டம்ளரைத் தட்டிவிடுவான். ஒன்று இரண்டாகத் தெரிவதால் தலையைச் சாய்த்து டிவி பார்ப்பான். கைக்குழந்தை என்றால் தலை வேகமாகப் பெரிதாகும், உச்சிக்குழி புடைக்கும்.

சந்தேகப்படும் டாக்டர், தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்வார். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு எம்.ஆர்.ஐ.

பிரிட்டனில் 2011-ல் தொடங்கிய 'ஹெட்ஸ்மார்ட்' இயக்கம், மூளைக்கட்டியின் அறிகுறிகளை வயதுவாரியாகச் சிறு அட்டையில் அச்சிட்டுப் பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் கொடுத்தது. முதல் அறிகுறிக்கும் நோயைக் கண்டுபிடிப்பதற்கும் இடையே அங்கே சுமார் 14 வாரங்கள் கழிந்துகொண்டிருந்தன; 2013-ல் அது ஏழு வாரத்துக்கும் கீழே இறங்கியது.

அறுவை சிகிச்சை, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கதிர்வீச்சு, கீமோதெரபி மூன்றும் முறையாகக் கிடைத்தால், கட்டி பரவாத பிள்ளைகளில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். மூன்று வயதுக்குள் என்றால் கதிர்வீச்சைக் கூடியமட்டும் தவிர்ப்பார்கள். வளரும் மூளை அதைத் தாங்காது.

தலைவலி எல்லாம் கட்டியல்ல. ஆனால் காலை வாந்தி இரண்டு வாரம் தொடர்ந்தால், நடை தடுமாறினால், காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுத்த ஒவ்வொரு நாளையும் காலண்டரில் மணியோடு குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மாலை கிளினிக்கில் தெரியாதது அந்தத் தாளில் தெரியும்.