ஏரி நீரில் வாழும் சிற்றுயிர்கள்

ஏரி நீரைக் கையால் அள்ளிப் பார்த்தால் கண்ணுக்குப் புலப்படுவது தெளிந்த நீர் ஒன்றே. ஆயினும் அதன் ஒரு மில்லிலிட்டரில், அதாவது ஏறத்தாழ இருபது துளிகளில், பத்து இலட்சம் அளவில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நீரில் கரைந்த கரிமப் பொருள்களை உண்டு பெருகித் தாமும் பிற உயிர்களுக்கு இரையாகி, ஏரியின் உணவுத் தொடரைத் தாங்கி நிற்பவை இவையே. இத்துணைப் பெருங்கூட்டத்தில் மிகப் பலவற்றை அறிவியல் நெடுங்காலம் அறியாதிருந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

காரணம், நாம் கையாண்ட முறையே. 1880-களில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில், அகர்க் கூழின்மேல் ஒவ்வொரு நுண்ணுயிரையும் தனித்து வளர்த்து ஆராயும் முறை உருவாயிற்று. நோய்க் கிருமிகளைக் கண்டறிய அது பெருந்துணை புரிந்தது. ஆனால் ஏரி நீரை அவ்வாறு பரப்பினால் நூற்றில் ஒன்று முளைப்பதும் அரிது. நுண்ணோக்கியில் எண்ணிய தொகை வேறு, தட்டில் வளர்ந்த தொகை வேறு. பின்னாளில், உயிரை வளர்க்காமலே நீரிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துப் படிக்கும் முறை வந்தது. அதன் பின்னரே ஏரியின் உண்மைக் குடிகள் யார் என்பது தெரிந்தது.

அவற்றுள் ஒரு குடும்பத்துக்கு ஏ.சி.-1 என்பது குறியீட்டுப் பெயர். ஆக்டினோபாக்டீரியா வகையைச் சேர்ந்தது. சில ஏரிகளில் மொத்த பாக்டீரியாக்களில் பாதியை இது எட்டுவதுமுண்டு. நம் குடலில் வாழும் எஷ்சரிச்சியா கோலை என்னும் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை ஒரு நூலாகக் கொண்டால், ஆய்வகங்களில் பெரிதும் பயிலும் வகையில் அதன் எழுத்துகள் ஏறத்தாழ 46 இலட்சம். ஏ.சி.-1 குடும்பத்தின் நூலிலோ 12 முதல் 14 இலட்சம் வரையே!

நூல் சிறுத்ததனால் இவற்றைத் தாழ்ந்த உயிர்கள் என எண்ணிவிடலாகாது. ஏரி நீரில் உணவு மிகச் சொற்பம். டி.என்.ஏ.வின் ஒவ்வோர் எழுத்தும் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் கேட்கிறது. இவ்விரண்டும் நன்னீரில் எளிதில் கிட்டாதவை. ஆதலின் வேண்டாத எழுத்தைச் சுமப்பது வீண் செலவு. உடல் சிறுத்தலிலும் ஆதாயம் உண்டு. கணக்கு வகுப்பை நினைவு கூருங்கள். கன சதுரம் ஒன்றின் பக்கத்தைப் பாதியாக்கினால், அதன் கன அளவை நோக்கப் புறப்பரப்பு இருமடங்காகும். உணவு நுழையும் வாயில் புறப்பரப்பே அன்றோ? அருகிய உணவைத் திரட்டச் சிற்றுடலே ஏற்றது. சூரிய ஒளியிலிருந்து ஆற்றல் பெற உதவும் ரோடாப்சின் வகைப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் இவை கைவிடவில்லை. எதை விடுவது, எதை வைத்திருப்பது என்பதில் இயற்கைத் தேர்வு காட்டும் கண்டிப்பு இது.

ஆனால் இழப்புக்கு விலையும் உண்டு. எல்.டி.-12 என்னும் மற்றொரு நன்னீர்க் கூட்டத்தின் நெருங்கிய உறவினர் கடலில் வாழ்கின்றனர். நன்னீருக்கு வந்த இக்கிளையோ உப்பைத் தாங்க உதவும் மரபணுக்கள் சிலவற்றை இழந்துவிட்டது. மூதாதையரின் கடலில் இன்று இதனால் வாழ இயலாது. ஏ.சி.-1 குடும்பத்திலும் பல, தமக்கு வேண்டிய சில வைட்டமின்களையும் அமினோ அமிலங்களையும் தாமே ஆக்கிக்கொள்ள மாட்டாதவை. அண்டை உயிர்கள் நீரில் கசியவிடுவதைப் பெற்றே வாழ்கின்றன.

தனித்து வளர்க்க முயன்றோர் தோற்றதன் மருமம் இங்கேதான் இருந்தது. தென்கொரியாவின் சோயாங் ஏரியிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்த ஆய்வாளர்கள் 2019-இல் அதை வெளியிட்டனர். வளர்ப்பு நீரில் காட்டலேஸ் என்னும் நொதியைச் சேர்த்தபோது இவை செழித்துப் பெருகின. ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற நச்சுப் பொருளைச் சிதைப்பது அந்நொதியின் வேலை. ஏரியில் அந்த நஞ்சை அண்டை உயிர்கள் அகற்றிவிடுகின்றன. தனிக் குடுவையில் அதற்கு ஆள் இல்லை. பட்டினியால் மடிகின்றன என்று கருதத்தக்க உயிர்கள், உண்மையில் துணையின்றி மடிந்தன.

இனி இவற்றின் வேற்றுமையைப் பற்றி ஒரு சொல். ஓர் இனம் என்று நாம் பெயரிடுவது ஒரே அச்சில் வார்த்த கூட்டமன்று. ஒரே ஏரியில், ஒரே இனத்துக்குள், எழுத்துகளில் சிறிது சிறிது வேறுபட்ட பல உட்பிரிவுகள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெண்டோட்டா என்றோர் ஏரி இருக்கிறது. அங்கு 2000 முதல் 2019 வரை எடுத்து உறைய வைத்த 471 நீர் மாதிரிகளின் டி.என்.ஏ.வைப் படித்து, 2025-இல் முடிவுகளை வெளியிட்டனர். பெரும்பாலான இனங்களில் உட்பிரிவுகளின் விகிதம் பருவந்தோறும் மாறி, அடுத்த ஆண்டு அதே பருவத்தில் முன்போலவே திரும்பியது. நடவும் அறுவடையும் போன்ற ஒழுங்கான சுழற்சி அது. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஓர் இனம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பாமல் ஆண்டுக்கணக்கில் மாறிச் சென்றது.

2012-ஆம் ஆண்டு கோடை அங்கு வழக்கத்திற்கு மாறாக வெப்பமும் வறட்சியும் மிக்கதாக இருந்தது. ஏரிக்கு வரும் ஆற்று நீர் குறைந்தது, பாசிகள் அருகின. பாக்டீரியாக்களுக்கு நைட்ரஜன் சேர்ந்த கரிமப் பொருள்களை வழங்குபவை அப்பாசிகளே. அவ்வாண்டில் பல இனங்களின் மரபணுக்களில் பெருமாற்றம் காணப்பட்டது. குறிப்பாக, நைட்ரஜனைக் கையாளும் மரபணுக்களில். பரிணாமம் என்றால் யுகக் கணக்கு என்றே நாங்கள் வகுப்பில் சொல்லிவந்தோம். மெண்டோட்டா ஏரியின் பாக்டீரியாக்களுக்கு ஒரு கோடை போதுமானதாக இருந்தது.