ஏஸ் அட்டர்னி (நிகழ்பட ஆட்டம்)

ஏஸ் அட்டர்னி என்பது ஜப்பானின் காப்காம் நிறுவனம் உருவாக்கி வெளியிட்டுவரும் நிகழ்பட ஆட்டத் தொடர் ஆகும். ஆட்டக்காரர் இதில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞராக இருந்து, சாட்சிகளின் பொய்யை ஆதாரம் காட்டி உடைக்க வேண்டும். ஜப்பானிய மொழியில் இதன் பெயர் கியாக்குடென் சாய்பன். 'தலைகீழாகத் திரும்பும் வழக்கு' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். முதல் ஆட்டம் 2001 அக்டோபர் 12 அன்று கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவிக்கு வெளியானது. 2005இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு ஆங்கிலத்திலும் வந்த பிறகுதான் ஜப்பானுக்கு வெளியே பரவியது. ஓடுவது, தாவுவது, சுடுவது எதுவும் இதில் இல்லை. பெரும்பகுதி நேரம் வாசிப்பதிலேயே போகும். நாவல் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது குறையாகத் தெரியாது.

உருவாக்கம்

முதல் ஆட்டத்தை எழுதி இயக்கியவர் ஷூ தக்குமி. டைனோ கிரைசிஸ் 2 ஆட்டத்தை இயக்கி முடித்திருந்த அவருக்கு, காப்காமில் மூத்தவரான ஷின்ஜி மிக்காமி, விரும்பிய ஆட்டம் ஒன்றைச் செய்துகொள்ள வாய்ப்பளித்தார். சிறிய குழு ஒன்றே அதைச் செய்து முடித்தது. கதைநாயகனை முதலில் துப்பறிவாளனாகவே திட்டமிட்டு, பின்னர் வழக்கறிஞனாக மாற்றினார்கள். துப்பறிவாளன் கொலைகாரனைக் கண்டுபிடித்துக் கைகாட்டினால் கதை முடிந்துவிடும். வழக்கறிஞன் ஒவ்வொரு பொய்யாக, எல்லோர் முன்னிலையிலும் உடைத்தாக வேண்டும். ஆட்டத்தின் விறுவிறுப்பு முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது.

ஆடும் முறை

பெரும்பாலான வழக்குகள் இரண்டு கட்டங்களாக நடக்கும். முதலில் சம்பவ இடத்தைச் சுற்றிப் பார்த்து, ஆட்களிடம் பேசி ஆதாரங்களைச் சேர்க்க வேண்டும். அவை எல்லாம் வழக்குக் கட்டில் பதிவாகும். அடுத்தது நீதிமன்றம். சாட்சி சொல்லும் வாக்குமூலம் ஐந்தாறு வாக்கியங்களாகப் பிரிந்து திரையில் வரும். ஒரு வாக்கியத்தில் சாட்சியை நிறுத்தி மேலும் துருவலாம், அல்லது அந்த வாக்கியத்துக்கு முரணான ஆதாரத்தை நீட்டி 'ஆட்சேபம்!' என்று முழங்கலாம். தவறான ஆதாரத்தைத் தவறான இடத்தில் காட்டினால் நீதிபதியின் பொறுமை குறையும். முதல் ஆட்டத்தில் அதற்கு ஐந்து வியப்புக்குறிகள் கணக்கு. அவை தீர்ந்தால் கட்சிக்காரர் குற்றவாளி.

நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு இரண்டு திரைகள் உண்டு. கீழே இருப்பது தொடுதிரை. பொத்தானை அமுக்குவதற்குப் பதில், கருவியின் ஒலிவாங்கியில் வாயாலேயே 'அப்ஜெக்ஷன்' என்று கத்தியும் ஆட்சேபிக்கலாம். (பேருந்தில் உட்கார்ந்து ஆடுபவர்கள் பொத்தானையே பயன்படுத்துவது நல்லது.) இக்கருவிக்காகப் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஐந்தாவது வழக்கில், விரல்ரேகை மீது தூவிய பொடியை ஒலிவாங்கியில் ஊதி அகற்ற வேண்டும்.

முதல் வழக்கு எப்படி உடைகிறது

பயிற்சிக்காக அமைந்த முதல் வழக்கைப் பார்த்தால் ஆட்டத்தின் தர்க்கம் புரிந்துவிடும். (முடிவு தெரிய விரும்பாதவர்கள் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.) ஒரு பெண் தன் வீட்டில் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். பகல் 1 மணிக்கு உடலைப் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறான். பிரேதப் பரிசோதனை அறிக்கையோ அவள் இறந்தது மாலை 4 மணிக்கு மேல் என்கிறது. நேரத்தைத் தொலைக்காட்சியில் கேட்டதாகச் சாட்சி மாற்றிச் சொல்கிறான். அப்போது அந்தக் கட்டடத்தில் மின்சாரமே இல்லை என்பதற்குப் பதிவு இருக்கிறது. விசைத்தறி ஊரான பொதட்டூர்பேட்டையில் வளர்ந்த ஒருவர் இந்த இடத்தில் சிரித்துவிடுவார். தறிச்சத்தம் நின்றுபோனால் மின்சாரம் போன நேரம் ஊருக்கே தெரியுமே!

பிறகு சாட்சி, வீட்டிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து நேரம் அறிந்ததாகச் சொல்கிறான். ஆனால் அந்தக் கடிகாரம் வெறும் சிலை வடிவில் இருப்பது. வாய்விட்டு மணி சொல்வது. அது கடிகாரம் என்று பார்த்த பார்வையில் யாருக்கும் தெரியாது. அதைக் கையில் எடுத்து அடித்தவனுக்குத்தான் அது மணி சொல்வது காதில் விழுந்திருக்கும். 4 மணிக்கு அது ஏன் 1 மணி என்றது? இறந்தவள் முந்தைய நாள்தான் பாரீசிலிருந்து திரும்பியிருந்தாள் என்பதை அவளது கடவுச்சீட்டு காட்டுகிறது. 9 மணி நேர வேறுபாட்டில் அங்கே நள்ளிரவு தாண்டி 1 மணி. கடிகாரத்தை அவள் இன்னும் திருத்தி வைக்கவில்லை. பொய் சொன்னவனைப் பிடித்துக்கொடுத்தது அவனே தேர்ந்த அந்த ஒரு மணிக்கணக்கு.

ஜப்பானிய நீதிமன்றத்தின் நிழல்

ஆட்டத்தில் விசாரணை மூன்று நாளுக்குள் முடிந்தாக வேண்டும். நீதிபதி ஏறக்குறைய தீர்ப்பை முடிவுசெய்துகொண்டே அமர்ந்திருப்பார். அரசு வழக்கறிஞரோ தோல்வியே அறியாதவர். இது கேலிச்சித்திரம்தான், ஆனால் வெறுங்கற்பனை அல்ல. ஜப்பானில் குற்ற வழக்கு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால், 99 விழுக்காட்டுக்கு மேல் தண்டனையில்தான் முடிகிறது. கைதானவரைக் குற்றச்சாட்டுப் பதிவாகும் முன்பே 23 நாள் வரை காவலில் வைக்கலாம். காவல்துறை விசாரிக்கும்போது வழக்கறிஞர் உடனிருக்க உரிமை இல்லை.

இவாவோ ஹக்கமாதாவின் வழக்கைப் படிப்பவர்களுக்கு ஆட்டத்தின் முரண்பாடுகள் மிகையாகத் தோன்றாது. முன்னாள் குத்துச்சண்டை வீரரான அவர், 1966இல் ஒரு குடும்பத்தினர் நால்வரைக் கொன்றதாகக் கைதாகி, 1968இல் மரண தண்டனை பெற்றார். முக்கிய ஆதாரம், கொலை நடந்து ஓராண்டுக்குப் பிறகு மிசோ எனப்படும் சோயாக் கலவைத் தொட்டியில் கிடைத்த இரத்தக்கறைத் துணிகள். அவ்வளவு காலம் மிசோவில் ஊறிய கறை சிவப்பாக இருக்குமா என்பதே மறுவிசாரணையின் மையக் கேள்வி ஆனது. இருக்காது, அது புலனாய்வாளர்கள் புனைந்த ஆதாரம் என்று கூறி ஷிசுவோக்கா மாவட்ட நீதிமன்றம் 2024 செப்டம்பர் 26 அன்று அவரை விடுவித்தது. அப்போது அவருக்கு வயது 88.

ஜப்பானில் பொதுமக்களும் நீதிபதிகளுடன் அமர்ந்து தீர்ப்பளிக்கும் முறை 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2007இல் வெளியான நான்காவது ஆட்டத்தின் இறுதி வழக்கிலேயே பொதுமக்கள் தீர்ப்பளிக்கும் முறை இடம்பெற்றுவிட்டது.

இந்திய நீதிமன்றத்தோடு ஒப்பிட்டால்

சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த ஆட்டத்தைக் குறுக்கு விசாரணைக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாட்சியை அவர் முன்னர் எழுத்தில் கொடுத்த வாக்குமூலத்தாலேயே மடக்குவது நம் நீதிமன்றங்களிலும் உண்டு. இந்தியச் சாட்சியச் சட்டம் 1872இன் 145ஆம் பிரிவு அதற்கு வழிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் அந்த வழியை அடைக்கவில்லை. ஆனால் முரணான பகுதியைச் சாட்சிக்குச் சுட்டிக்காட்டி விளக்கம் கேட்ட பின்பே அதைப் பயன்படுத்தலாம். திடீரென்று மேசையைத் தட்டி ஆதாரத்தை வீச முடியாது. மூன்று நாள் கெடுவும் இங்கே செல்லாது. வாய்தாவுக்கு மேல் வாய்தா பார்த்தவர்களுக்கு அது கனவு.

இவற்றைவிட ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. ஆட்டத்தில் கட்சிக்காரரைக் காப்பாற்ற உண்மையான கொலைகாரன் யாரென்று வழக்கறிஞரே காட்ட வேண்டியிருக்கிறது. இந்தியச் சட்டத்தில் அந்தச் சுமை அவருக்கு இல்லை. குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிப்பது அரசுத் தரப்பின் கடமை. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1947இல் விடுதலை ஆனபோது, வேறொரு கொலைகாரனை யாரும் பிடித்துக்கொண்டுவந்து நிறுத்தவில்லை.

ஆட்டத்துக்கு மிக நெருங்கிய காட்சி தமிழில் பழையது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துகள் என்று பாண்டியன் வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் கண்ணகி தன் சிலம்பை உடைக்கிறாள். மாணிக்கப் பரல் தெறிக்கிறது. முதலில் வாக்குமூலம், பிறகு பொருள் சான்று என்ற அந்த வரிசைதான் ஏஸ் அட்டர்னியின் ஒவ்வொரு வழக்கிலும் உள்ளது. ஆட்டத்தில் பெரும்பாலும் கட்சிக்காரர் உயிரோடு கூண்டில் இருப்பார். கோவலன் இல்லை.

மொழி

ஆட்டத்தின் பெயர்களில் பாதி சிலேடை. நாயகனின் ஜப்பானியப் பெயரான நருஹோதோ, 'ஓ, அப்படியா' என்று நாம் தலையாட்டும் சொல். ஆங்கிலப் பதிப்பில் அவர் பீனிக்ஸ் ரைட். மேலே கண்ட பொய்சாட்சியின் ஆங்கிலப் பெயர் சாவிட். வேகமாகச் சொன்னால் 'பார்த்தேன்' என்று பொருள்படும். தமிழில் அதிகாரப்பூர்வப் பதிப்பு இல்லாததால், தமிழ்நாட்டில் ஆடுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வாசிக்கிறார்கள். முதல் மூன்று ஆட்டங்களின் தொகுப்பு 2019இல் நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகியவற்றுக்கு வெளியானதால், பழைய கருவியைத் தேடி அலையாமலே இப்போது ஆடலாம்.