பஜ்ஜி சட்டியில் டீசல்!

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பூந்தமல்லி... எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் உங்களை முதல்ல வரவேற்கிறது பஜ்ஜி வாசனைதானே? ரெண்டு பஜ்ஜி உள்ளே போனதும் கிளம்பிடுவீங்க. சட்டியில் மிச்சமிருக்கிற கறுத்த எண்ணெய் எங்கே போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

சாக்கடையில் கொட்டினால் அடைப்பு. மலிவு விலைக்குக் கைமாறினால், இன்னொரு கடைச் சட்டி வழியா மறுபடியும் நம்ம வயித்துக்கே வரும்! திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் 'டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ்' எனும் சிதைவுப் பொருட்கள் ஏறிக்கிட்டே போகும். அது 25 சதவிகிதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்பது 2018 ஜூலையில் அமலுக்கு வந்த விதி. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், பழைய எண்ணெயை பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டத்தை ஆரம்பிச்சது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்.

எண்ணெய் எப்படி டீசலாகுது?

கிளிசரால் என்கிற ஹேங்கரில் மூணு சட்டை மாதிரி கொழுப்பு அமிலங்கள் மாட்டியிருக்கும். அதுதான் எண்ணெய் மூலக்கூறு. மெத்தனால் சேர்த்து 60 டிகிரியில் சூடாக்கினா, மூணும் ஹேங்கரை விட்டுட்டு மெத்தனாலோடு ஜோடி சேரும். அந்த ஜோடிதான் பயோடீசல். சும்மா விட்டா இது ஆமை வேகம். முடுக்கிவிட ஒரு ஆள் வேணுமே? அவர்தான் வினையூக்கி, அதாவது கேட்டலிஸ்ட். சோடியம் ஹைட்ராக்சைடு கொஞ்சம் போட்டாலே வேலை விறுவிறு! 100 கிலோ எண்ணெயில் கிட்டத்தட்ட 100 கிலோ பயோடீசல் கிடைக்கும். கூடவே 10 கிலோ கிளிசரால் போனஸ். சுத்திகரிச்சா அது சோப்பு, க்ரீம் தயாரிக்க உதவும்.

ஒரு சிக்கல். பஜ்ஜி எண்ணெயில் தண்ணியும், தனியா பிரிஞ்ச கொழுப்பு அமிலமும் அதிகம். நேரா காரத்தைப் போட்டால் டீசலுக்குப் பதில் சோப்புதான் வரும். அதனால முதல் ரவுண்டில் கந்தக அமிலம் வினையூக்கி. ரெண்டாவது ரவுண்டில்தான் காரம்.

ஆம்லெட் போட்ட முட்டை ஓடு இருக்கா?

குப்பையில் போடாதீங்க பாஸ்! அதில் 90 சதவிகிதத்துக்கும் மேல் கால்சியம் கார்பனேட். உலையில் 800-900 டிகிரியில் சுட்டால் கால்சியம் ஆக்சைடு. இதுவும் வினையூக்கிதான், அதுவும் திட வினையூக்கி. வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம். காத்துப் பட்டால் ஈரத்தை உறிஞ்சி வீரியம் குறையும் என்பதுதான் குறை. அதைச் சரிபண்றது அருமையான ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்! ஆனா, லேபில் மட்டும். மெத்தனால் விஷம், சட்டுனு தீப்பிடிக்கும். வீட்டில் வேண்டவே வேண்டாம்.

நாம என்ன பண்ணலாம்?

தினம் 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிற நிறுவனங்கள் கணக்கு எழுதி, அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் பழைய எண்ணெயைக் கொடுக்கணும். பஸ் ஸ்டாண்ட் தள்ளுவண்டி இந்தக் கணக்கில் வராது. அங்கேதான் உங்க காலேஜ் என்.எஸ்.எஸ். டீமுக்கு வேலை. பத்துக் கடைக்காரர்களைச் சேர்த்து, சேகரிக்கிறவங்களோடு கோத்துவிடுங்க.

முதல் படி ரொம்ப ஈஸி. அடுத்த தடவை பஜ்ஜிக்குக் காசு கொடுக்கும்போது கேளுங்க: "அண்ணே, பழைய எண்ணெயை யாருக்குக் கொடுக்குறீங்க?"