பணியிடப் பண்பாடும் பட்டமேற்படிப்பும்

நவி மும்பையின் சான்பாடாவில் துறைமுகப் பாதை மின்ரயிலில் ஏறுவோர், வாஷியையும் தாணே கடற்கழியையும் கடந்து கோவண்டியை அடையலாம். அதனை அடுத்த தேவனாரில் அமைந்துள்ளது டாட்டா சமூக அறிவியல் கழகம். 1936ஆம் ஆண்டில் சமூகப் பணிக்கான பட்டமேற்படிப்புப் பள்ளியாகத் தொடங்கப்பெற்ற இக்கழகம், 1964இல் பல்கலைக்கழகத்திற்கு நிகரான தகுதி பெற்றது. தொழிலாளர் நலமும் பணியாளர் நிர்வாகமும் கற்பிக்கப்பட்ட இவ்விடத்தில், பின்னர் நிறுவன வளர்ச்சி, மாற்றம், தலைமை ஆகியவற்றுக்கான முதுகலைப் படிப்பும் ஏற்பட்டது.

தொழிலாளர் நலத்திலிருந்து நிறுவன வளர்ச்சிக்கு வந்த இப்பயணம் கருதத்தக்கது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் நியமிக்கப்பட வேண்டுமென விதித்தது. குடிநீர், உணவகம், குழந்தைகள் காப்பகம் போன்ற வசதிகளைச் சட்டத்தால் பெற்றுத்தர இயலும். ஆனால், இயந்திரத்தின் குறையைக் கண்ட தொழிலாளி அதனை மேலாளரிடம் அஞ்சாமல் கூறுவாரா என்பதைச் சட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எழுதப்படாத இத்தகைய வழக்கங்களின் தொகுதியே பணியிடப் பண்பாடு எனப்படுகிறது. அதனை ஆராய்ந்து, பணிபுரிவோரின் பங்கேற்புடன் திருத்தும் முயற்சியே நிறுவன வளர்ச்சியாகும்.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தன்னியங்கு தறிக்கூடம் ஒன்றை, லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் ஆராய்ந்தார். புதிய தறிகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 224 தறிகளைக் கவனித்த 29 பேர், 12 வகைப் பணிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஒரு தறிக்கு யார் பொறுப்பு என்பதே தெளிவாக இல்லை. குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப்பொறுப்பு ஏற்கும் முறையைத் தொழிலாளர்களே வகுத்துக்கொண்டனர். உற்பத்தித் திறன் உயர்ந்தது. துணிச் சேதம் குறைந்தது. எனினும், 1970இல் எரிக் மில்லர் மீண்டும் ஆராய்ந்தபோது, சில கூடங்களில் அம்முறை நலிந்திருந்தது. நன்மாற்றமும் தொடர்ந்து பேணப்படாவிடில் நிலைக்காது என்பதே இதன் பாடம்.

பம்பாயிலேயே 1970களின் நடுவில், உதய் பரீக், டி. வி. ராவ் ஆகிய பேராசிரியர்களின் ஆலோசனைப்படி, லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் மனிதவள மேம்பாட்டுக்கெனத் தனித்துறை அமைத்தது. நாட்டில் இத்துறைக்கு அது முன்னோடியாயிற்று.

இதனைப் பயிலும் மாணவர் உளவியல், சமூகவியல், தொழிலாளர் சட்டம் ஆகியவற்றுடன் களப்பணியும் கற்கவேண்டும். வினாப்பட்டியல் தயாரிப்பதைவிட, பேசத் தயங்குவோரின் மௌனத்தைப் புரிந்துகொள்வது கடினம். சாதி, மொழி, பால் ஆகிய வேற்றுமைகள் பணிக்கூடத்தின் வாயிலில் நின்றுவிடுவதில்லை. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்த பின்னரே, பணியிடத்தில் பெண்கள் எதிர்கொள்ளும் பாலியல் துன்புறுத்தல் தனிப்பட்ட பூசலன்று, நிறுவனத்தின் பொறுப்பு என்பது நிலைநாட்டப்பட்டது.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. இக்கல்வியின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களைச் சார்ந்தவை. செம்பூரிலிருந்து தொலைவில் இல்லாத தாராவியிலோ, தமிழர் பலர் உழைக்கும் தோல், தையல் தொழில்கள் சிறு கூடங்களில் நடைபெறுகின்றன. அங்கு மனிதவளத் துறை இல்லை, பண்பாடு உண்டு. முன்பணம், உறவுமுறை, ஊர்ப்பற்று ஆகியவை அதனை உருவாக்குகின்றன. இவை ஆதரவாகவும் அமையலாம், தளையாகவும் மாறலாம். அவ்வேறுபாட்டை அறிந்து, உழைப்போரின் குரலுக்கு இடம் தேடும் பட்டதாரிகள் உருவாகும்போதே இக்கல்வி நாட்டின் வளர்ச்சிக்கு உரியதாகும்.