மலை வரையத் தெரியாத ரேண்டம் எண்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா இருக்க முடியாமல் கம்ப்யூட்டரில் ஒரு மலைத்தொடர் வரையலாம் என்று உட்கார்ந்தேன். இயற்கை என்றாலே ஒழுங்கில்லாததுதானே, ரேண்டம் எண்களைப் போட்டால் முடிந்தது வேலை என்று என் கணக்கு. திரையின் அகலம் 800 பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 100 வரை ஏதோ ஒரு உயரம். பத்து வரி கோடு. ஓட்டிப் பார்த்தால் மலையைக் காணோம், பல் உடைந்த சீப்பு மாதிரி ஒன்று வந்து நின்றது.

எங்கே தப்பு? மலைமேல் நீங்கள் நிற்கும் இடம் 100 மீட்டர் உயரம் என்றால், ஓர் அடி தள்ளி அது 3 மீட்டராக இருக்காது. 99, 101 என்று அக்கம்பக்கமாகத்தான் இருக்கும். பக்கத்துப் புள்ளிகளுக்குள் ஓர் உறவு உண்டு. தூரம் போகப் போகத்தான் அந்த உறவு விட்டுப்போகும். ரேண்டம் ஃபங்ஷன் தரும் எண்களுக்கோ முந்தைய எண் என்னவென்றே தெரியாது. நான் கேட்டது ஒழுங்கின்மை. எனக்குத் தேவைப்பட்டது வழவழப்பான ஒழுங்கின்மை.

இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை தந்தவர் கென் பெர்லின். (ஜெர்மனி ஊருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) 1982ல் வந்த 'ட்ரான்' படத்தின் கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் வேலை பார்த்தவர். அக்காலத்துப் படங்களின் இயந்திரத்தனமான வழவழப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அதைப் போக்க அவர் உருவாக்கியதுதான் பெர்லின் நாய்ஸ். 1985ல் சிக்கிராஃப் மாநாட்டில் கட்டுரையாக வந்தது. 1997ல் அதற்காக ஆஸ்காரின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது.

அதன் சூட்சுமம் இதுதான். ஒரு கோட்டில் 1, 2, 3 என்று சம தூரத்தில் முளைக்குச்சிகள் அடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குச்சியிலும் உயரம் பூஜ்யம்தான். ரேண்டமாகக் கொடுப்பது உயரத்தை அல்ல, சரிவை. 3ஆம் குச்சியில் சரிவு 0.8, 4ஆம் குச்சியில் -0.4 என்று வைத்துக்கொள்வோம். நடுவே 3.5ல் உயரம் என்ன? இடது குச்சியின் சரிவில் அரை அடி ஏறினால் 0.4. வலது குச்சியின் சரிவில் அரை அடி பின்னால் போனால் 0.2. சரிபாதி தூரம் என்பதால் இரண்டின் சராசரி, 0.3. மற்ற இடங்களில், எந்தக் குச்சி கிட்டத்தில் இருக்கிறதோ அதன் பேச்சுக்கு அதிக எடை. அந்த எடையும் நேர்கோடாக இல்லாமல் மெல்ல வளைந்து மாறுவதால் எங்கேயும் முறிவு தெரியாது.

இதை வரைந்தால் மலை வராது, மணல்மேடு வரும். அதனால் அடுக்க வேண்டும். முதல் அடுக்கில் குச்சிகளுக்கு நடுவே 200 பிக்சல், உயரம் 100. இரண்டாவதில் 100 பிக்சல், உயரம் 50. அப்புறம் 50க்கு 25, 25க்கு 12.5. எல்லாவற்றையும் கூட்டினால் மலை, மலைமேல் பாறை, பாறைமேல் சொரசொரப்பு என்று வந்துவிடும்.

இங்கே நான் ஒரு குழியில் விழுந்தேன். என் மலைத்தொடர் 200 பிக்சலுக்கு ஒருமுறை சரியாக ஒரே மட்டத்துக்கு வந்து வந்து போனது. கோடில் அரைமணி நேரம் பிழை தேடினேன். பிழையே இல்லை. குச்சியில் உயரம் பூஜ்யம் என்று மேலே சொன்னேன் இல்லையா? 200ல் எல்லா அடுக்குக்கும் குச்சி இருக்கிறது, எல்லாமே பூஜ்யம், கூட்டினாலும் பூஜ்யம். ஒவ்வோர் அடுக்கையும் பக்கவாட்டில் கொஞ்சம், ஒன்றோடொன்று பொருந்தாத அளவில், தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது.

அடுத்து கேமராவை நகர்த்திப் பார்க்க ஆசை. நகர்த்தினால் மலையே கொதிக்கிற உலை மாதிரி தளபுளவென்று ஆடுகிறது! காரணம், ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரிவுகளைப் புதிதாகக் குலுக்கிக்கொண்டிருந்தேன். பெர்லின் இதை முன்பே யோசித்திருக்கிறார். 0 முதல் 255 வரையான எண்களை ஒரே ஒரு முறை கலைத்து ஒரு பட்டியலாக வைத்துக்கொள்கிறார். எந்தக் குச்சிக்கு எந்தச் சரிவு என்பதை அந்தப் பட்டியல் முடிவு செய்யும். அதே இடத்தைக் கேட்டால் எப்போதும் அதே விடை. குலுக்கல் ஒரு முறைதான், அதற்கப்புறம் எல்லாம் கறாரான கணக்கு.

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டரில் இயற்கையாகத் தெரிவதில் ரேண்டமின் பங்கு சாம்பாருக்குப் பெருங்காயம் அளவுதான். மீதியெல்லாம் கட்டுப்பாடு: பக்கத்துப் புள்ளியோடு உறவு, சிறிதும் பெரிதுமான அடுக்குகள், மாறாத பட்டியல். நிஜ மலையும் அப்படித்தானே? மண்ணும் மழையும் எதேச்சையாக விழுந்தாலும், சரிவது புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டுத்தான்.

நீங்களும் எழுதிப் பாருங்கள், நாற்பது வரிக்கு மேல் போகாது. வந்த பிறகு ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் உயரத்தைப் பாதியாக்குகிறோம் இல்லையா, அந்த 0.5ஐ 0.7 ஆக்குங்கள். மலை கரடுமுரடாகும். 0.3 ஆக்கினால் தேய்ந்துபோன பழைய குன்றுகள். எனக்குப் பிடித்தது 0.45. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, பார்க்க மலை மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.