ஓசூர்க் கடிகாரமும் லீட்ஸ் கிட்டாரும்

ஓசூர் டைட்டன் ஆலையின் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் ஒரு சின்னஞ்சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணித்தான் முள் நகர்கிறது. இசையை எண்களாக மாற்றும் கருவிக்கும் குவார்ட்ஸ் படிகம்தான் காலம் காட்டுகிறது, இன்னும் பல மடங்கு வேகத்தில். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு அளவும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல் ஆகிறது.

இந்தச் சுமையைக் குறைக்க, காதுக்கு எட்டாது என்று கணக்கிட்ட நுணுக்கங்களை எம்பி3 கைவிடுகிறது. மெல்லிசையில் இது அவ்வளவாகத் தெரியாது. டான்ஸ்-பங்க்கில் தெரியும்.

பங்க் ராக்கின் கோபத்தை ஆடவைக்கும் தாளத்தில் ஏற்றிய இசை அது. இங்கிலாந்தின் தொழில்நகரமான லீட்ஸிலிருந்து வந்த கேங் ஆஃப் ஃபோர் குழுவின் 'என்டர்டெயின்மென்ட்!' (1979) அதற்கு வழி திறந்த ஆல்பங்களில் ஒன்று. ஆண்டி கில்லின் கிட்டார் வெட்டி வெட்டி நிற்கும். எதிரொலிப் பூச்சு மிகக் குறைவு. டேவ் ஆலனின் பேஸ் பாட்டை முன்னால் இழுத்துப் போக, இரண்டு வெட்டுகளுக்கு நடுவே விழும் மௌனம்தான் நம் காலை ஆடவைக்கிறது. அழுத்திச் சுருக்கிய எம்பி3யில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கணம் முன்பே மெல்லிய இரைச்சல் கசியும். அந்த மௌனம் அழுக்காகிவிடும். இந்த இசைக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

2001இல் வந்த ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவம் எதையும் கைவிடுவதில்லை. முந்தைய சில அளவுகளைப் பார்த்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று கணிக்கிறது. கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைக்கிறது. வித்தியாசம் சிறிய எண் என்பதால் குறைந்த பிட்டே போதும். கேட்கும்போது அதே கணிப்பைச் செய்து வித்தியாசத்தைக் கூட்டினால், சிடியில் இருந்த எண் ஒன்றுகூடப் பிசகாமல் திரும்பக் கிடைக்கும். கோப்பும் கணிசமாகச் சுருங்கிவிடும்.

நொடிக்கு 320 கிலோபிட் எம்பி3யிலிருந்து ஃபிளாக்கைப் பிரித்தறிவது தேர்ந்த காதுக்கும் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். எம்பி3யை ஃபிளாக்காக மாற்றினால் போனது திரும்பாது. சாதாரண புளூடூத் ஒலியை மறுபடி சுருக்கிவிடும். சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸின் இரைச்சலிலும் இந்த நுணுக்கமெல்லாம் மறைந்துபோகும். ஷிஃப்ட் முடிந்து வீடு வந்ததும் வயர் வைத்த ஹெட்போனில் கேளுங்கள். 'என்டர்டெயின்மென்ட்!' ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வரும் 'நாட் கிரேட் மென்' பாட்டிலிருந்து தொடங்கலாம். கிட்டார் எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.